60-ஐத் தொட்டதும் பின்னாலிருந்து ‘ஊம்ம்’ சத்தமா? பழைய எஸ்யூவியின் பின்சக்கரம் சொல்வது என்ன?

ஐம்பது வரை ஒன்றுமில்லை. அறுபதைத் தொட்டதும் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஊம்ம்...’ என்று ஒரு சத்தம். எண்பதில் அது உறுமலாகிவிடும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் அமுங்கிப் போவதால், பல வீடுகளில் அந்த உறுமலுக்கு ஆயுள் அதிகம். “டயர் சத்தம்தான்பா, பழைய வண்டின்னா அப்படித்தான்” என்று அப்பா சொல்வார், பிள்ளைகளும் நம்பிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே வண்டியில் ஏழு பேர், மேலே கேரியரில் மூட்டை, திருவண்ணாமலைப் பயணம்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் அரியாங்குப்பம், நோணாங்குப்பம் தாண்டினால் தவளக்குப்பம். கிழக்கே நல்லவாடு, அதையும் தாண்டினால் கடல். இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் குடும்ப எஸ்யூவிகளுக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, வருடம் முழுக்க வீசும் உப்புக்காற்று. இன்னொன்று, மழைக்காலத்து வெள்ளம். இரண்டும் வேலையைக் காட்டும் இடம், யாரும் குனிந்து பார்க்காத வண்டியின் பின்பக்க அடிப்பகுதி.

ஃபெஞ்சல் போனது, தண்ணீர் போகவில்லை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி மக்களை மீட்டது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரால் தென்பெண்ணை பெருக்கெடுத்து, பாகூர் பக்கத்துக் கிராமங்களும் கடலூரும் மூழ்கின. வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோருடைய கவலையும் ஒன்றுதான்: இன்ஜினுக்குள் தண்ணீர் போச்சா? ஸ்டார்ட் ஆனதும் அந்தக் கவலை தீர்ந்துவிட்டது.

ஆனால் சக்கரத்தின் நடுவே இருக்கும் பேரிங் அப்படி உடனே காட்டிக்கொடுக்காது. ஓடி வந்த வண்டியின் ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினால் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். ரப்பர் சீல் புதிதாக இருந்தால் தாங்கிவிடும். பத்து வருடப் பழைய சீல், ஓரம் தேய்ந்துபோன சீல் என்றால் சில சொட்டுத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

அந்தச் சில சொட்டு போதும். கிரீஸ் மோர் மாதிரி வெளுத்து, வழுவழுப்பை இழக்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றிருந்தால், குண்டுகள் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே துரு பிடிக்கும். பிறகு வண்டி ஓடும்போது அந்தத் துருப்புள்ளி சிறு பள்ளமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் குண்டு அதில் ஏறி இறங்க, பள்ளத்தின் ஓரம் உதிர்ந்துகொண்டே போகிறது. காதில் விழும் ‘ஊம்ம்’ அதுதான். வெள்ளம் வடிந்து மாதங்கள் கழித்துக் கேட்பதால், யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. இன்சூரன்ஸும் கைகொடுக்காது. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானம், இயந்திரக் கோளாறு இரண்டுக்கும் இடமில்லை.

பின்சக்கரத்தை இன்ஜின் சுழற்றும் வண்டி என்றால் ‘கிரவுன் ஆயிலை’யும் பார்த்துவிட வேண்டும். டிஃபரன்ஷியல் மேலே இருக்கும் காற்றுத் துளை வழியாகவும் தண்ணீர் புகும். வடிக்கும்போது ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

டயரா, பேரிங்கா, கிரவுனா?

அப்பா சொன்னது முழுத் தப்பும் இல்லை. டயரும் இதே மாதிரி சத்தம் போடும். அதிலும் ஷாக் அப்சார்பர் செத்துப்போன வண்டியில் டயர் சாலையில் குதித்துக் குதித்து ஓடும், பள்ளம் மேடாகத் தேயும். அந்தத் தேய்மானம் போடும் சத்தம், பேரிங் சத்தத்தோடு அப்படியே ஒத்துப்போகும். பேரிங்கை மாற்றிவிட்டு வந்தும் சத்தம் நிற்கவில்லை என்ற சண்டைக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் பாலத்தில் ஏறும்போது சத்தத்தின் குரல் மாறினால் டயரைச் சந்தேகிக்கலாம். பேரிங்குக்குச் சாலை எதுவானாலும் ஒன்றுதான், வேகம்தான் கணக்கு. இன்னும் சந்தேகம் என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் அது டயர். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரி, காலை எடுத்தால் வேறு மாதிரி ஊளையிட்டால் பார்வை கிரவுன் பக்கம் போக வேண்டும்.

பேரிங்தான் என்றால் எந்தப் பக்கம்? காலியான அகலச் சாலையில், அறுபது வேகத்தில், லேசாக இடது வலதாக வளைத்துப் பார்ப்பார்கள் மெக்கானிக்குகள். இடது பக்கம் வளைக்கும்போது வண்டியின் எடை வலது பக்கம் சாயும். அப்போது சத்தம் கூடினால் பெரும்பாலும் வலது பேரிங். நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது, சில பேரிங்குகள் ஆளை ஏமாற்றும்.

கடைசிச் சோதனை ஜாக்கியில். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட வேண்டும். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ‘டொக்’ என்று ஆட்டம் தெரிகிறதா பாருங்கள். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இன்னொரு கையைக் காயில் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங் கெட்டிருந்தால், காதுக்குக் கேட்காத கரகரப்புகூட ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். நல்ல மெக்கானிக்குகள் பலர் பேசாமல் செய்யும் வேலை இது. தூக்கிய வண்டிக்கு அடியில், வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் யாரும் போகக் கூடாது.

ஏன் பின்பக்கம்? ஒரு சின்னக் கணக்கு

மூன்றாவது வரிசை சீட் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கிட்டத்தட்டப் பின் ஆக்சிலுக்கு மேலேயே. அதற்கும் பின்னால் லக்கேஜ். அங்கே உட்காருபவர்கள், வைக்கும் பைகள் எல்லாவற்றின் எடையும் ஏறக்குறைய முழுசாகப் பின்சக்கரங்கள் மேல்தான் இறங்கும். தினமும் ஆபீஸுக்கு ஒருவர் ஓட்டும்போது இந்தப் பின்பக்கம் ஓய்வில் இருக்கிறது. மொத்தக் குடும்பமும் ஏறும் அன்றைக்குத்தான் அதற்குப் பரீட்சை.

பேரிங் ஆயுளுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லுண்ட்பெர்க், பால்ம்கிரென் இருவரும் 1947-ல் வெளியிட்ட ஆய்வு அதன் அடிப்படை. குண்டு பேரிங்கின் ஆயுள், அதன் மேல் ஏறும் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். அதாவது, சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் கால் பங்கு குறையாது, பாதியாகிவிடும். சுமை இரட்டிப்பானால் ஆயுள் எட்டில் ஒரு பங்கு. ‘ஒரு ஆள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்’ என்பதற்குப் பேரிங் போடும் கணக்கு இது. அழகுக்காக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அகல வீல் மாட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். சக்கரம் வெளியே தள்ளிப் போகப் போக, பேரிங்கை வளைக்கும் விசை கூடும்.

எந்த வண்டியில் எது போகும்?

பொலிரோ மாதிரி வண்டிகளில் பின்பக்கம் கமான் பட்டை. முரட்டுத்தனமானது, ஆனால் ஷேக்கிள் புஷ் தேயும், நடு போல்ட் அறுந்தால் ஆக்சிலே இடம் நகர்ந்துவிடும். இன்னோவாவில் ஒரே நீளமான ஆக்சிலைக் காயில் ஸ்பிரிங்கும், முன்னும் பக்கவாட்டிலும் போகும் கம்பிகளும் பிடித்திருக்கும். அந்தக் கம்பிகளின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் செத்துவிட்டால், ‘வண்டி பின்னாடி மீன் வால் மாதிரி ஆடுது’ என்பார்களே, அதுதான். பாலத்தில் லாரி ஒன்று கடந்துபோகும்போது பின்பக்கம் மட்டும் தனியாக நகர்வது போலத் தோன்றும். எக்ஸ்யூவி500 போன்றவற்றில் ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். சொகுசு அதிகம், கம்பியும் புஷ்ஷும் அதிகம், எனவே செலவும் அதிகம்.

காயில் ஸ்பிரிங் உடைவது கடலோரத்தில் தனிக் கதை. ஜல்லி தெறித்துப் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உப்பு உட்காரும், துரு குழி தோண்டும், ஒருநாள் வேகத்தடையில் கடைசிச் சுற்று ‘டிங்’ என்று முறியும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அவ்வளவுதான். முறிந்த முனை டயரின் பக்கவாட்டில் உரசினால் டயர் கிழியும். அடிப்பகுதியை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுவது உதவும். போர் தண்ணீரே உப்பாக இருக்கும் தெருவில் அதில் கழுவுவது எந்த அளவுக்கு உதவும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

உப்பின் வேலையை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. வட அமெரிக்காவில் பனி உருகச் சாலையில் உப்பு தூவுவார்கள். 1998 முதல் 2003 வரையிலான ஃபோர்டு வின்ட்ஸ்டார் வேன்களில் பின் ஆக்சில் துருப்பிடித்து முறியும் அபாயம் இருந்ததால், 2010-ல் சுமார் 5.75 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. உப்பு அதிகம் தூவும் மாநிலங்களும் கனடாவும்தான் இலக்கு. 2021-ல் மூன்று வரிசை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவி சுமார் 7.7 லட்சம் அழைக்கப்பட்டது. பின் சஸ்பென்ஷனில் ஒரு மூட்டு இறுகிப்போய், சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் கம்பி முறியலாம் என்பது காரணம்.

இந்தியாவில் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம் அரசுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்த விதி ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பத்து வயது எஸ்யூவிக்கு அது பொருந்தாது.

“இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓட்டலாம் சார்?”

ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கேட்கும் கேள்வி. நேர்மையான பதில் யாரிடமும் இல்லை. உறுமும் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதும் உண்டு, ஒரே நெடுஞ்சாலைப் பயணத்தில் முடிந்துபோவதும் உண்டு. சத்தத்தோடு ஆட்டமும் சேர்ந்துவிட்டால், ஒரு பக்க ஹப் மட்டும் அதிகமாகச் சூடேறினால், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், பின் டிரம்மில் ஆயில் கசிந்து ஹேண்ட்பிரேக் பிடிக்காமல் போனால், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பின் ஆக்சில் ராடே வண்டியின் எடையைத் தாங்கும் வகையில், பேரிங்தான் அந்த ராடை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அது முழுதாக நொறுங்கினால் ராடோடு சேர்ந்து சக்கரமே வெளியே வந்துவிடலாம். ‘திருவண்ணாமலை போயிட்டு வந்து பாத்துக்கலாம்’ என்பதற்குப் பதில், போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டிய வேலை இது.

மாற்றும்போது மலிவு வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்திருக்கட்டும். புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கினால், அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து முதல் நாளே அதில் தழும்பு விழும். பிரஸ்ஸில் வைத்து, எந்த வளையம் இறுகி உட்கார வேண்டுமோ அதை மட்டும் அழுத்த வேண்டும். புதிய வண்டிகளின் பேரிங்கில் ஒரு பக்கம் ஏபிஎஸ் சென்சார் படிக்கும் காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். சீல் கட்டாயம் புதிது. நட்டை டார்க் ரென்ச்சில், கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும்.

இந்த வண்டிக்கு இன்னும் செலவு செய்யலாமா?

தனியார் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாயானது. 2010, 2011-ல் வாங்கிய வண்டிகளுக்கு அந்த முடிவு எடுக்கும் நேரம் வந்துவிட்டது.

பேரிங் ஒன்று போனதற்காக வண்டியை விற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காகத் தூக்கும்போது முழுப் பின்பக்கத்தையும் பார்த்து ஒரே பட்டியல் கேளுங்கள்: இரண்டு ஷாக், எல்லா புஷ், ஸ்பிரிங், பிரேக் பைப், ஆக்சில் கூடு. புஷ்ஷும் ஷாக்கும் தேயும் சாமான்கள், மாற்றினால் வண்டி புதுசு மாதிரி நிற்கும். ஸ்பிரிங் உட்காரும் தட்டு, கம்பி மாட்டும் பிராக்கெட், சேசிஸ் ஆகியவை துருவில் உதிர்ந்தால் கதை வேறு. ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால், அதில் புது பேரிங் போடுவது வீண் செலவு.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு, முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இறங்கி, இரண்டு பின் வீல் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே சூடாக இருக்க வேண்டும்.