அறிந்தும் அளிக்காத மருந்து

மருந்தின்றி மனிதர் மடிவது துர்ப்பாக்கியம். மருந்து கைக்கெட்டும் தூரத்திலிருந்தும் மடிவது குற்றம். அமெரிக்க தேசத்தின் சரித்திரம் இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

நியுமோஸிஸ்டிஸ் என்பது காளான் இனத்தைச் சேர்ந்த ஒரு நுண்கிருமி. திடகாத்திரமுள்ளவர்களின் சுவாசப்பையில் புகுந்தாலும் அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. தேகத்தின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடத்திலேயே சமயம் பார்த்து மூண்டு, மூச்சுத் திணறச் செய்து பிராணனைக் கவர்கிறது.

1977-ஆம் வருஷத்தில் மெம்பிஸ் நகரத்து டாக்டர் வால்டர் ஹியூஸும் அவருடைய சகாக்களும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவந்த குழந்தைகளில் 80 பேருக்குக் கோ-ட்ரைமாக்ஸஸோல் மருந்தும், வேறு 80 பேருக்கு மருந்துச் சத்தில்லாத போலியும் கொடுக்கப்பட்டன. போலியை உட்கொண்டவர்களில் 17 பேரை இந்த நியுமோனியா பற்றிற்று; மருந்துண்டவர்களில் ஒருவரையும் பற்றவில்லை.

1981 ஜூன் 5-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஐந்து இளைஞர்களை இதே நோய் பீடித்த செய்தி வெளியாயிற்று. எயிட்ஸ் என்று பின்னர் உலகம் அறிந்த வியாதியின் முதல் அறிவிப்பு அதுவே. ஆயினும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு முன்காப்பாக மருந்தளிக்கும் விதிகளை அந்நாட்டுச் சுகாதார இலாகா வகுத்தது 1989-லேதான்!

குழந்தைகளிடம் பலித்தது இவர்களிடமும் பலிக்குமா என்று அதிகாரிகள் தயங்கினர். இந்நோயாளிகளுக்கு அம்மருந்தால் தோல் தடிப்பும் சுரமும் அதிகமாக உண்டானதும் மெய்யே. சாட்சியம் கேட்பது நியாயம். சாட்சியத்தைத் தேடுவதில் காலங்கடத்துவது நியாயமாகுமா? அத்தாமதத்தின் விலையை அதிகாரிகள் கொடுக்கவில்லை, நோயாளிகளே கொடுத்தனர்.

இன்று இவ்விஷயத்தில் ஐயமில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஸி.டி.4 அணுக்கள் 200-க்குக் குறைந்தவர்கள், பிறர் உறுப்பைப் பொருத்திக்கொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், மிகுந்த அளவில் நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரில் பலர் ஆகியோர்க்கு இக்காப்பு அவசியம். ஸல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு மாற்று மருந்துகள் உண்டு. எச்.ஐ.வி. சிகிச்சையால் அணுக்கள் பெருகி நிலைத்தபின், வைத்தியரின் யோசனைப்படி இதை நிறுத்தவும் கூடும். தாமாகவே வாங்கி உண்பது தகாது.

ஆதலின், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்கும் வைத்தியர், அன்றே முன்காப்பைப் பற்றியும் தீர்மானித்தல் வேண்டும். அவர் மறந்தாராயின், நோயாளியும் அவர் சுற்றத்தாரும் கூசாமல் கேட்க வேண்டும். மலிவான மருந்து இது. மறதியால் ஓர் உயிரை இழப்பதற்கு இனி யாதொரு சமாதானமும் செல்லாது.