காது கேட்காதவர் இன்டர்பிரட்டர் ஆக முடியுமா?

"காது கேட்காதவர் எப்படிங்க இன்டர்பிரட்டர் ஆக முடியும்?" சைகை மொழி பற்றிப் பேச்செடுத்தாலே என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. தொலைக்காட்சித் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று, செய்தியைக் காதில் வாங்கிக் கையால் சொல்பவரைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். காதில் வாங்குவதுதான் முதல் வேலை என்றால் காது கேட்காதவருக்கு அங்கே என்ன இடம்?

இடம் இருக்கிறது. அவர் இல்லாவிட்டால் வேலையே நடக்காத சூழ்நிலைகளும் இருக்கின்றன. அவை எவை, வேலை எப்படி நடக்கிறது, என்ன பயிற்சி வேண்டும் என்பதை நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தையும் மாமல்லபுரம் கடற்கரையையும் வைத்தே விளக்கப் பார்க்கிறேன்.

நாலு பேர், ரெண்டு கட்டம்

முதலில் சுலபமான நிலைமை. காதுகேளாதோர் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்த ஒரு பெண் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு இன்டர்பிரட்டர். டாக்டர் தமிழில் பேசுகிறார், இன்டர்பிரட்டர் இந்திய சைகை மொழியில் சொல்கிறார், அந்தப் பெண் சைகையில் பதில் சொல்கிறார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இருப்பதால் வேலை நடந்துவிடும்.

இப்போது இன்னொருவரை யோசித்துப் பாருங்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். ஐம்பது வயதுக்காரர். பிறவியிலேயே காது கேட்காது, பள்ளிக்கூடம் போனதில்லை. ஊரில் காது கேட்காதவர் அவர் ஒருத்தர்தான். வலை, படகு, மீன் விலை, அண்ணி, மாமன், போலீஸ் என்று எல்லாவற்றுக்கும் அவர் வீட்டுக்குள் ஒரு சைகை உண்டு. ஆய்வாளர்கள் இதை வீட்டுச் சைகை என்பார்கள். அந்தக் குடும்பத்துக்கு வெளியே அது செல்லாது. அதேபோல அகராதியில் உள்ள இந்திய சைகை மொழி அவருக்குத் தெரியாது. அதே இன்டர்பிரட்டர் இவர் முன் நின்று "ஆபரேஷனுக்குச் சம்மதமா?" என்று சைகை செய்தால் என்ன நடக்கும்? தலையாட்டுவார். வாழ்நாள் முழுக்க, புரியாதபோது தலையாட்டித்தான் அவர் சமாளித்திருக்கிறார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து ஒரு கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவிடுவார்கள்.

இங்கேதான் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் வருகிறார். டாக்டர் சொன்னதைக் கேட்கும் திறன் உள்ள இன்டர்பிரட்டர் இந்திய சைகை மொழியில் தருவார். அதைக் காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் கண்ணால் வாங்கி, அந்த மீனவருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவார். நடித்துக் காட்டுவார், படம் வரைவார், காலண்டரைக் காட்டுவார், மீன் அறுப்பதை வைத்து வயிற்றை விளக்குவார். பதில் அதே வழியில் திரும்பி வரும். ஆக நாலு பேர், ரெண்டு கட்டம்.

இதைக் கேட்கும் இன்டர்பிரட்டரே செய்யக்கூடாதா? சிலரால் முடியும், முக்கியமாகக் காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்தவர்களால். ஆனால் சைகை மொழியை வகுப்பில் கற்றவர்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்த சைகைதான் கையில் வரும். காதுகேளாதவரோ பஸ்ஸிலும் கடையிலும் தன் மொழி தெரியாதவர்களோடு கண்ணையும் கையையும் வைத்தே பேசி வளர்ந்தவர். எதிராளியின் முகத்தைப் பார்த்தே இது புரிந்த முகமா, புரிந்ததுபோல் காட்டும் முகமா என்று கண்டுபிடித்துவிடுவார்.

கோர்ட்டு சொன்னது

மருத்துவமனையைவிட நீதிமன்றத்தில் இந்தச் சிக்கல் கூர்மையாகத் தெரியும். ராஜஸ்தான் அரசுக்கும் தர்ஷன் சிங்குக்கும் இடையிலான கொலை வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புத் தந்தது. முக்கியமான சாட்சி, இறந்தவரின் மனைவி. அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அவருடைய சைகைகளைக் கோர்ட்டில் விளக்கியவர் அவருடைய அப்பா. சாட்சிக்கும் பிரமாணம் செய்விக்கவில்லை, அப்பாவுக்கும் செய்விக்கவில்லை. அவர் காட்டிய சைகைகளும் பதிவாகவில்லை, விளக்கம் மட்டுமே பதிவானது. அந்தச் சாட்சியத்தை நம்பித் தண்டிக்க முடியாது என்று ஆகி, விடுதலை உறுதியானது.

மொழிபெயர்ப்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. சாட்சியின் சூழலைச் சேர்ந்தவராக இருக்கணும், வழக்கின் முடிவில் அவருக்குச் சொந்த அக்கறை இருக்கக்கூடாது, பிரமாணம் எடுத்திருக்கணும். இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சூழலைச் சேர்ந்தவர் என்று தேடினால் அப்பாவோ அண்ணனோதான் கிடைப்பார்கள், அவர்களுக்கு அக்கறை இருக்கும். அக்கறை இல்லாதவர் என்று தேடினால் நகரத்து இன்டர்பிரட்டர் கிடைப்பார், அவருக்கு அந்தச் சூழல் தெரியாது. பயிற்சி பெற்ற காதுகேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கேட்கும் இன்டர்பிரட்டரோடு சேர்ந்து உட்கார்ந்தால்தான் இரண்டு நிபந்தனைகளும் நிறைவேற வழி உண்டு.

பேச முடியாத சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவி வேண்டும், வாக்குமூலத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்று 2013-ல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது 125-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2023 செப்டம்பரில் காதுகேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, இன்டர்பிரட்டர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானது பெரிய செய்தியானது. சட்டம் படித்து, சைகை மொழியில் சரளமாக இருக்கும் அவருக்கு அந்த ஏற்பாடு போதும். நம்ம குப்பத்து மீனவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் அது போதாது.

முட்டுக்காடும் தொடுகைச் சைகையும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற வழியில், முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு 2005-ல் தொடங்கியது. காது, கண் இரண்டும் பாதிக்கப்பட்டவர்கள் இந்த நிறுவனத்தின் பணிக்குள் வருகிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்த நிலையைப் பல்வகைக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

பார்வையும் இல்லாதவரிடம் சைகையை எப்படிச் சொல்வது? அவர் தன் கைகளை மொழிபெயர்ப்பாளரின் கைகள் மேல் மெதுவாக வைத்துக்கொள்வார். கையின் வடிவத்தையும் அசைவையும் தொட்டே படிப்பார். புருவத்தாலும் முகத்தாலும் காட்டும் கேள்வி, கோபம், கிண்டல் எல்லாவற்றையும் கைக்குள்ளேயே கொண்டுவர வேண்டும். அறையில் யார் வந்தார், யார் சிரித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் ஒருவர் பேசினால், கேட்கும் இன்டர்பிரட்டர் எதிரே நின்று சைகை செய்வார். காதுகேளாதவர் அதைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவரின் கைக்குள் மாற்றித் தருவார். இந்த வேலையைக் காதுகேளாதவர்கள் செய்வது பல நாடுகளில் வழக்கம்.

புயல் வந்தால்

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கண்ணுக்குத் தெரியும். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லும் எச்சரிக்கை எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் இங்கே உதவும். 2017 செப்டம்பரில் இர்மா புயலின்போது ஃபுளோரிடாவின் மனாட்டி கவுன்ட்டி அதிகாரிகள், கொஞ்சம் சைகை தெரியும் என்பதற்காகத் தங்கள் ஊழியர் ஒருவரையே அறிவிப்பு மேடையில் நிறுத்தினார்கள். பார்த்துக்கொண்டிருந்த காதுகேளாதவர்களுக்குப் பாதி விளங்கவில்லை, நடுவில் பீட்சா என்றெல்லாம் வந்ததாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மேத்யூ புயலின்போது தென் கரோலினா ஆளுநர் பக்கத்தில் நின்றவர் ஜேசன் ஹர்டிச். அவர் காதுகேளாதவர், சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர். கேமராவுக்குப் பின்னால் கேட்கும் இன்டர்பிரட்டர் ஒருவர் அவருக்குச் சைகையில் எடுத்துத் தந்தார். பார்ப்பவர்களுக்கு அவர்களுடைய தாய்மொழியிலேயே செய்தி போனது.

எச்சரிக்கை ஏற்கெனவே எழுத்தில் இருந்தால் இன்னும் சுலபம். காதுகேளாதவர் எழுத்தைப் படித்து நேரடியாகச் சைகைக்கு மாற்றலாம். காதே தேவையில்லை.

பயிற்சியில் என்ன இருக்கணும்

தமிழ் பேசுகிற எல்லோரும் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட முடியாது இல்லீங்களா? சைகைக்கும் அப்படித்தான். என் கணக்கில் ஐந்து விஷயங்கள் வேண்டும்.

ஒன்று, பொருளைப் பிரித்துப் பார்ப்பது. ஜாமீன், மயக்க மருந்து, சம்மதம் மாதிரி சொற்களுக்குச் சைகை தேடுவதற்கு முன்னால் அவை என்ன சொல்கின்றன என்று தெரியணும். இரண்டு, நினைவு. இரண்டு மூன்று நிமிடப் பேச்சை விடாமல் மனதில் வைத்து மாற்றித் தரணும். மூன்று, ஜோடியாக வேலை செய்வது. எங்கே நிறுத்துவது, எங்கே திரும்பக் கேட்பது என்று கேட்கும் இன்டர்பிரட்டரோடு பழகணும். அதனால் அவர்களுக்கும் சேர்த்தேதான் இந்த வகுப்பு.

நான்கு, ரகசியம் காப்பது. காதுகேளாதோர் உலகம் சின்னது. ஒரே பள்ளி, ஒரே சங்கம், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காலையில் நோயாளியாகப் பார்த்தவரைச் சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் பார்ப்பார். வாய் திறக்கக்கூடாது என்பது கைக்கும் பொருந்தும். நண்பராகப் போனால் "நீ கையெழுத்துப் போடாதே" என்று சொல்லிவிடலாம், மொழிபெயர்ப்பாளராகப் போனால் சொல்லக்கூடாது. ஐந்து, எழுத்துத் தமிழ். பேச்சைக் கேட்டு வளராத பிள்ளைக்குத் தமிழ் இரண்டாவது மொழி. பயிற்சியில் கஷ்டமான பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய மொழிபெயர்ப்பாளர் பதிவகம், காதுகேளாத மொழிபெயர்ப்பாளருக்கு என்றே தனிச் சான்றிதழ் வைத்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க் பல்கலைக்கழகம் தனிப் பயிற்சி நடத்தியது. இந்தியாவில் 2015-ல் டெல்லியில் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையத்தில் இரண்டு பட்டயப் படிப்புகள் உண்டு. மொழிபெயர்ப்புப் பட்டயம் கேட்கும் திறன் உள்ளவர்களை மனதில் வைத்து வகுத்தது. சைகை மொழி கற்பிக்கும் பட்டயம் காதுகேளாதவர்களுக்கானது. காதுகேளாதவர் ஆசிரியர் ஆகலாம் என்பதை நாடு ஏற்றுக்கொண்டாகிவிட்டது. கற்பிக்கும் பட்டயம் முடித்தவர்களுக்கு மேலே சொன்ன ஐந்தையும் ஒரு தொடர் படிப்பாகத் தந்தால் புதிதாக எதையும் அடியிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

"ஒருத்தருக்கே காசு இல்ல, ரெண்டு பேருக்கா?" என்று அலுவலகங்களில் கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் செவித்திறன் குறையுடையோர் ஐம்பது லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் ரெண்டு பேர் தேவையில்லை. பள்ளி பார்க்காதவர், காது கண் இரண்டும் இல்லாதவர், சின்னக் குழந்தை, அதிர்ச்சியில் இருப்பவர் ஆகியோருக்குத்தான் தேவை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்படிப்பட்ட நாலைந்து பேர் கொண்ட பட்டியல் ஒன்றும், அவர்களுக்குக் கட்டணமும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

இதைப் படிப்பவர்களில் டாக்டரோ வக்கீலோ போலீஸ்காரரோ இருந்தால் ஒரு சின்னச் சோதனை சொல்லி முடிக்கிறேன். இன்டர்பிரட்டர் சொல்லி முடித்ததும், "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். தலையாட்டல் மட்டும் திரும்பி வந்தால், கையெழுத்து வாங்கும் பேப்பரை மூடிவைத்துவிட்டு இன்னொரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள், காது கேட்காதவராகப் பார்த்து.