அக்சும் அரசின் காசுகள்

அக்சும் அரசின் காசுகள் என்பவை, இன்றைய எத்தியோப்பியாவின் வடபகுதியையும் எரித்திரியாவையும் ஆண்ட அக்சும் அரசர்கள் வெளியிட்ட பொன், வெள்ளி, வெண்கலக் காசுகள் ஆகும். இவை கி.பி. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அடிக்கப்பட்டன. அக்சும், கிறித்தவ சமயத்தைத் தழுவிய தொடக்ககால அரசுகளுள் ஒன்று. அதன் காசுகளுள் சில தென்னிந்தியாவிலும் கிடைத்துள்ளன.

அமைப்பு

முதன்முதலில் காசு வெளியிட்ட அக்சும் அரசர் எண்டுபிசு. தொடக்ககாலப் பொற்காசின் எடை சுமார் 2.7 கிராம், பிற்காலத்தில் அது சுமார் 1.6 கிராமாகக் குறைந்தது. அதாவது, 8 கிராம் கொண்ட ஒரு பவுனில் ஐந்தில் ஒரு பங்குதான். காசின் நடுவே அரசரின் தலை இருக்கும். அதன் இருபுறமும் தானியக் கதிர்கள் வளைந்து நிற்கும். பொற்காசுகளில் பெரும்பாலும் கிரேக்க எழுத்து உள்ளது. கடல் வணிகத்தில் அக்காலத்தில் பரவலாக அறியப்பட்ட மொழி அதுவே. உள்நாட்டில் புழங்கிய வெள்ளி, வெண்கலக் காசுகளில் காலப்போக்கில் நாட்டு மொழியான கீயசு இடம்பெற்றது. சில வெண்கலக் காசுகளில் சிலுவையைச் சுற்றி மட்டும் பொன் பதித்திருப்பது இவற்றின் தனிச்சிறப்பு.

பிறையிலிருந்து சிலுவைக்கு

4ஆம் நூற்றாண்டில் ஆண்ட எசானா, புருமெந்தியுசு என்பவரின் வழியாகக் கிறித்தவரானார். அவருடைய முற்காலக் காசுகளின் உச்சியில் பிறையும் வட்டமும் உள்ளன. பிற்காலக் காசுகளில் அதே இடத்தில் சிலுவை உள்ளது. ஓர் அரசு சமயம் மாறியதைக் கையளவுச் சான்றாக இக்காசுகள் காட்டுகின்றன. பின்னர் வந்த வெண்கலக் காசுகளில், இது நாட்டுக்கு மகிழ்வளிக்கட்டும் என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடரும் காணப்படுகிறது.

இந்தியத் தொடர்பு

அக்சுமின் துறைமுகம் செங்கடற்கரையிலிருந்த அதுலிசு. அங்கிருந்து புறப்பட்ட கப்பலில் சோபத்திரோசு என்னும் வணிகர் இலங்கைக்கு வந்து அரசரைக் கண்ட செய்தியை, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கொசுமாசு எழுதியுள்ளார். மங்களூர்ப் புதையலில் உரோமப் பொற்காசுகளோடு அக்சும் பொற்காசுகளும் இருந்தன. மறுதிசையிலும் காசுகள் சென்றுள்ளன: எத்தியோப்பியாவின் தெப்ரே தாமோ மடத்தில் 1940இல் நூற்றுக்கும் மேற்பட்ட குசானப் பொற்காசுகள் கண்டெடுக்கப்பட்டன.

தென்னிந்தியாவில் கிடைத்த பிற்கால உரோமப் பொற்காசுகள் பலவற்றில் அரசர் தலைக்கு மேல் துளைகள் இடப்பட்டுள்ளன. நம் காசுமாலையைப் போல, அவை அணியாகவும் பயன்பட்டன என்பதை இது உணர்த்துகிறது.

கிடைத்த இடத்தின் மதிப்பு

பொற்காசை உருக்கினால் கிடைப்பது சிறிதளவு பொன் மட்டுமே. அது எந்த ஊரில், எந்த ஆழத்தில், எந்தப் பொருள்களோடு கிடந்தது என்னும் செய்தி அழிந்தால் திரும்பக் கிடைக்காது. மதுரை வைகைப் படுகையிலும் கரூர் அமராவதிப் படுகையிலும் கிடைத்த அயல்நாட்டுக் காசுகள் பல, மணலோடு இடம் பெயர்ந்தவை. அவற்றைக் கொண்டு காலம் கணிப்பது கடினம். இதற்கு மாறாக, சிவகாசிக்கு அருகே வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022இல் தொடங்கியது போன்ற முறையான அகழாய்வுகளில், ஒவ்வொரு பொருளும் குழியும் ஆழமும் குறிக்கப்பட்டே எடுக்கப்படுகிறது. சங்கு வளையல் துண்டும் மணியும்கூட அதனால்தான் வரலாற்றுச் சான்றாகின்றன.

சட்ட நிலை

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்கீழ் வருகின்றன. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். கிணறு வெட்டும்போதோ வாணம் தோண்டும்போதோ பழங்காசு தென்பட்டால் அதைத் தேய்த்துக் கழுவக் கூடாது. கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ தெரிவிப்பதே முறை.