மலை ஏறும்போது கார் இழுக்கலையா? டர்போ வால்வைத் திருகும் முன் இதைப் படிங்க

குற்றால சீசனுக்குக் காரில் வருபவர்கள் பலர் அருவியோடு திரும்புவதில்லை. ஐந்தருவியில் ஒரு குளியல், அப்படியே செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை வரை ஒரு ரவுண்டு. தென்காசியில் இருந்து குற்றாலம் வரை நன்றாக வந்த கார், புளியரை தாண்டி எஸ் வளைவு ஏற்றத்தில் திணற ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரை முழுசா மிதித்தாலும் இழுவை இருக்காது. முன்னால் லோடு லாரி, பின்னால் பஸ் என்றால் பதற்றம்தான்.

இந்த நேரத்தில் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, "டர்போ போச்சு, மாத்தணும்". இன்னொன்று, "வால்வை ரெண்டு சுத்து டைட் வெச்சா சரியாயிடும்". முதலாவது பர்ஸைக் காலி செய்யலாம். இரண்டாவது இன்ஜினையே காலி செய்யலாம்.

பைபாஸ் வால்வு என்ன செய்கிறது?

இன்ஜினுக்குள் அதிகக் காற்றை அழுத்தி அனுப்பினால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். இதற்கு இரண்டு வழிகள். டர்போசார்ஜர், சைலன்சருக்குப் போகும் புகையின் வேகத்தில் சுற்றுகிறது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சூப்பர்சார்ஜர், இன்ஜினோடு பெல்ட் மூலம் சுற்றுகிறது. நம்ம ஊர் சாலைகளில் ஓடுவது பெரும்பாலும் டர்போதான். சூப்பர்சார்ஜர் மெர்சிடிஸ் கம்ப்ரசர் போன்ற சில சொகுசு கார்களில் இருக்கிறது.

இந்த அழுத்தம் அளவு மீறாமல் பார்ப்பதுதான் பைபாஸ் வால்வு. தென்காசிக்காரர்களுக்குக் குளத்து மறுகால் தெரியும். குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக வெளியேறும், கரை தப்பும். டர்போவில் 'வேஸ்ட்கேட்' எனப்படும் வால்வும் அதே வேலையைத்தான் செய்கிறது. அழுத்தம் எல்லையைத் தொட்டதும் திறந்து, புகையின் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றவிடாமல் வெளியே அனுப்பிவிடும்.

சமதளத்தில் ஏன் தெரிவதில்லை?

சமதளத்தில் மெதுவாகப் போகும்போது டர்போவுக்கு அதிக வேலை இல்லை. ஏற்றத்தில், ஏசி போட்டு, ஐந்து பேரோடு ஏறும்போதுதான் அந்த அழுத்தம் முழுசாகத் தேவைப்படும். அதனால் பழுது முன்பே இருந்தாலும், மலையில்தான் வெளியே வரும்.

வால்வு மூடினாலும் சிக்கல், திறந்தாலும் சிக்கல்

வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால் அழுத்தம் சேராது, கார் இழுக்காது. இது எளிதில் புரியும். ஆனால் மூடிய நிலையில் சிக்கினாலும் கார் இழுக்காமல் போகலாம். அழுத்தம் எல்லை மீறியதும், இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே சக்தியைக் குறைத்துவிடும். இதைத்தான் 'லிம்ப் மோட்' என்கிறார்கள். இரண்டிலும் டிரைவருக்குத் தெரிவது ஒரே அறிகுறிதான்: இழுவை இல்லை. இரண்டாவது வகைப் பழுதில் வால்வை மேலும் டைட் வைத்தால், நிரம்பிய குளத்தின் மறுகாலைப் பலகை வைத்து அடைத்த கதைதான்.

எந்த வரிசையில் சோதிக்க வேண்டும்?

1. முதலில் ஸ்கேனர். பி0299 என்று வந்தால் அழுத்தம் குறைவு, பி0234 என்றால் அதிகம். இந்தக் கோடு பிரச்சினையைத்தான் சொல்லும், எந்தப் பாகம் பழுது என்று சொல்லாது. "கோடு வந்திருக்கு, டர்போ மாத்தணும்" என்பது அவசர முடிவு.

2. அடுத்து ஹோஸ்கள். டர்போவில் இருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் குழாயில் விரிசலோ, லூஸ் கிளாம்ப்போ இருந்தால் காற்று கசியும். மிதிக்கும்போது 'புஸ்' என்ற சத்தம், குழாய் இணைப்பில் எண்ணெய்க் கசிவு, டீசல் காரில் கரும்புகை ஆகியவை இதன் அடையாளங்கள். ஆக்சுவேட்டருக்குப் போகும் சின்ன ரப்பர் டியூபையும், ஏர் ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

3. பிறகு ஆக்சுவேட்டர். இன்ஜின் ஆறிய பிறகு, மீட்டர் உள்ள கை பம்பை இணைத்துப் பார்ப்பார்கள். கம்பெனி சொன்ன அழுத்தத்தில் ராடு நகர வேண்டும், முள் அங்கேயே நிற்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே டயாபிரம் கிழிந்திருக்கலாம். ராடைக் கழற்றியதும் வால்வு லீவர் தடையில்லாமல் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் கரியோ துருவோ பிடித்திருக்கிறது.

அட்ஜஸ்ட்மென்ட் எப்போது?

இவை எல்லாம் சரியாக இருந்து, ராடு நகரத் தொடங்கும் அழுத்தம் மட்டும் மாறியிருந்தால்தான் ராடின் நீளத்தைத் தொட வேண்டும். காற்றழுத்தத்தில் திறக்கும் வகையில், ராடைச் சுருக்கினால் வால்வு தாமதமாகத் திறக்கும், அழுத்தம் கூடும். நீட்டினால் குறையும். லாக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை மீட்டரில் பார்த்தே செய்ய வேண்டும். காதால் கேட்டு, கையால் உணர்ந்து வைக்கும் வேலை இல்லை இது. அழுத்தம் எல்லை மீறினால் பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங் வரும், பிஸ்டன் வரை சேதம் போகலாம்.

எலக்ட்ரானிக் ஆக்சுவேட்டர் என்றால் ராடைக் கையால் திருகவே கூடாது, ஸ்கேனரில்தான் செட் செய்ய வேண்டும். பல புதிய டீசல் கார்களில் உள்ள விஜிடி டர்போவில் பொதுவாக இந்த வேஸ்ட்கேட்டே இருக்காது.

சூப்பர்சார்ஜர் காரில்?

இங்கே வால்வு புகையை அல்ல, காற்றைத் திருப்பி விடுகிறது. வேக்குவத்தில் இயங்கும் வகையில், ஐடிலில் வால்வு திறந்திருக்கும், முழுசாக மிதித்ததும் மூட வேண்டும். முழுதாக மூடாவிட்டால் இழுவை போகும். திறக்காமலே இருந்தால் சூடும் எரிபொருள் செலவும் கூடும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

"ஹோஸ் லீக் பார்த்தீங்களா? ஆக்சுவேட்டரைப் பம்ப் வெச்சு டெஸ்ட் பண்ணீங்களா? திருகுறதுக்கு முன்னாடி, பின்னாடி மீட்டர்ல எவ்வளவு?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு செலவுக்குச் சம்மதியுங்கள். வாரன்டியில் உள்ள கார் என்றால் வெளியே கை வைக்கவே விடாதீர்கள்.

மலையிலேயே கார் திணறினால், ஓரமாக இடம் கிடைக்கும் இடத்தில் ஹசார்டு லைட் போட்டு நிறுத்துங்கள். போனட்டைத் திறந்து டர்போ பக்கம் கை வைக்காதீர்கள், கொதிக்கும் சூட்டில் இருக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் மேலே ஏற முயலாமல், பாதுகாப்பான இடத்தில் திருப்பி மெதுவாகச் செங்கோட்டைக்கு இறங்குவதே நல்லது.