மருந்து பாதி, காற்று பாதி!

"டாக்டர், ஆடாதோடை, தூதுவளை எல்லாம் ஒழுங்காத்தான் கொடுக்கிறேன். லீவுல நல்லா இருக்கான். ஸ்கூல் திறந்தா மறுபடி இழுப்பு வந்துடுது!"

ஒன்பது வயதுப் பையனோடு வந்த ஒரு தாயாரின் புலம்பல் இது. விசாரித்தேன். பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் வேன்கள், ஆட்டோக்கள் எதுவும் என்ஜினை அணைப்பதில்லை. பையன் தினமும் அரை மணி நேரம் அந்தப் புகையில்தான் நிற்கிறான்!

மருந்து பாதி, பத்தியம் பாதி என்பது எங்கள் வைத்தியத்தில் பால பாடம். வாய்க்குப் பத்தியம் சொல்கிற நாம், மூக்குக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

வாகனப் புகையின் நுண்துகள்கள் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு ரோமத்துக்கெல்லாம் அவை அடங்குவதில்லை. நுரையீரலின் காற்றறைகள் வரை போய்விடும். மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். இழுப்பு மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதத்துக்கும் இது ஒரு காரணம்.

'சரி, புகை குறைந்தால் உடம்பு தேறுமா?' என்கிறீர்களா? தேறும். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், வாகனங்களுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு இறுக இறுக, காற்று சுத்தமானது. அங்கே 1994-98 காலத்துப் பிள்ளைகளில், 15 வயதில் நூற்றுக்குச் சுமார் 8 பேருக்கு நுரையீரல் திறன் குறைவாக இருந்தது. 2007-11ல் அது 4க்கும் கீழே இறங்கியது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் பலன் கிடைத்தது.

நம் நாட்டிலும் 2000ல் பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கியது. 2020 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு பி.எஸ்.6 தரம் கட்டாயம். 2025ல் சென்னை மாநகரப் பேருந்துகளில் மின்சார பஸ்களும் சேர்ந்தன. அவற்றுக்குப் புகைக்குழாயே கிடையாது!

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? காத்திருக்கும்போது என்ஜினை அணையுங்கள். பக்கத்துப் பள்ளி என்றால், மெயின் ரோட்டை விட்டு சந்து வழியாக நடத்தியே கூட்டிப் போங்கள். வண்டியைக் காலாகாலத்தில் சர்வீஸ் செய்யுங்கள். முக்கியமாக, டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்!

அந்தத் தாயார் நாலு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு டிரைவர்களிடம் பேசினார். இப்போது பள்ளி வாசலில் என்ஜின்கள் ஓய்ந்திருக்கின்றன. பையனுக்கு இழுப்பு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், ராத்திரியில் தூங்குகிறான். அம்மாவும் தூங்குகிறார்!