தொடர்மாடி வீடு வாங்கப் போகிறீர்களா?

எங்கள் ஊரில் வீடு என்றால் வளவும் வேலியும் கிணறும் சேர்ந்ததுதான். தாய்க்குச் சீதனமாக வந்த காணி மகளுக்குப் போகும். போர் இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களில் சிலர் கொழும்புக்குப் போய்த் தொடர்மாடி வீடுகளில் குடியேறினர். இப்போது யாழ்ப்பாணத்திலும் தொடர்மாடிகள் எழும்புகின்றன. திருநெல்வேலியில் வசிக்கும் என்னிடமும் இதுபற்றிப் பெண்கள் விசாரிக்கிறார்கள்.

எனது மச்சாள் ஒருத்தி, வெளிநாட்டிலுள்ள தம்பி அனுப்பிய காசில் கொழும்பில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினாள். குடியும் புகுந்தாள். ஆனால் பல வருடங்களாக உறுதி கிடைக்கவில்லை. அவள் கையில் இருந்தவை ரசீதுகளும் ஓர் ஒப்பந்தமும் மட்டுமே. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதி இல்லாமல் காணியோ வீடோ கைமாறாது. ரசீது உறுதியாகாது.

தொடர்மாடிக்கென 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. அது 1982 இலும் 2003 இலும் திருத்தப்பட்டது. இதன்படி முழுக் கட்டடத்துக்குமான கூட்டு ஆதன வரைபடம் காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். அதன் பின்னரே ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். வீடு உங்களுடையது. நிலம், மாடிப்படி, கூரை, தண்ணீர்த் தாங்கி ஆகியவற்றில் உங்களுக்குப் பங்கு மட்டும் உண்டு.

ஆகவே சகோதரிகளே, முற்பணம் கொடுக்கு முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. வரைபடம் பதியப்பட்டுள்ளதா, கட்டடம் வங்கியில் ஈடு வைக்கப்பட்டுள்ளதா என உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள். விற்பவரின் சட்டத்தரணியை மட்டும் நம்பாதீர்கள்.

2. பணம் அனுப்புபவர் யாராயினும், உறுதியில் யார் பெயர் எழுதப்படும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். அற்றோணித் தத்துவம் வேறொருவர் கையில் இருந்தால் அதன் எல்லைகளை வாசித்து அறியுங்கள்.

3. வரைபடம் பதிவானதும் உரிமையாளர் எல்லோரும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவராவர். பராமரிப்புக் காசு மாதாமாதம் எவ்வளவு என்று கேளுங்கள். கூட்டங்களுக்குப் போங்கள். முரண்பாடு எழுந்தால் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடலாம்.

4. சுவரை இடிக்கவோ பல்கனியை மூடவோ விரும்பினால் முன் அனுமதி பெறுங்கள்.

இன்னொன்று எங்களுக்கே உரியது. தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணி, வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என 1911 ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. கணவர் கைவிட்டுப் போயிருந்தாலோ இருப்பிடம் தெரியாவிட்டாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்த அனுமதியை வழங்கவும் அதே சட்டம் இடமளித்தது. காணாமற்போன கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. வீட்டை வாங்கும்போதே இதனையும் சட்டத்தரணியிடம் கேட்டு வையுங்கள். அவசரத்துக்கு விற்க நேரும் நாளில் அலையத் தேவையில்லை.

எத்தனையோ தடவை உடுத்த உடையோடு ஓடியவர்கள் நாங்கள். உறுதியின் பிரதிகள் எடுத்து, வேறு வேறு இடங்களில் பத்திரமாக வையுங்கள்.