உங்க ஆண்ட்ராய்டு போன் பேட்டரி நல்லா இருக்கா? 'குட்' என்று காட்டினால் நம்பலாமா? செக் செய்வது எப்படி?

காலையில் 100 சதவீத சார்ஜோடு வீட்டை விட்டு கிளம்புறோம். மதிய சாப்பாட்டு நேரத்துக்குள் 30 சதவீதத்துக்கு வந்துடுது. சாயங்காலம் கடையில் யுபிஐ ஸ்கேன் பண்ணலாம்னு கையில் எடுத்தா, போன் ஆஃப்! பின்னாடி வரிசையில் நிற்பவர்கள் நம்மைத்தான் பார்க்கிறார்கள். இந்த அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும்.

உடனே நமக்குத் தோன்றுவது இரண்டே விஷயம். ஒன்று, 'போனையே மாத்திடலாம்'. இல்லையென்றால், 'பேட்டரியை மட்டும் மாத்திடலாம்'. இரண்டுக்குமே காசு வேண்டும். அந்தக் காசை செலவு பண்ணுறதுக்கு முன்னாடி, உண்மையிலேயே பேட்டரிதான் பிரச்னையா என்று தெரிந்துகொள்வது நல்லது இல்லையா?

இதற்காக பலரும் ஏதாவது ஒரு ஆப்பை டவுன்லோடு செய்து பார்ப்பார்கள். அதில் 'ஹெல்த்: குட்' என்று பச்சை நிறத்தில் காட்டும். 'அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு' என்று முடிவு செய்துவிடுவார்கள். இங்கேதான் குழப்பமே ஆரம்பிக்குது. அந்த 'குட்' என்ற வார்த்தைக்கு நாம் நினைக்கும் அர்த்தம் கிடையாது. விளக்கமாகப் பார்க்கலாம்.

பேட்டரி ஆரோக்கியம் என்றால் என்ன?

போனின் மேல் மூலையில் தெரியும் சதவீதம் வேறு, பேட்டரியின் ஆரோக்கியம் வேறு. ஒரு குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். புதுசா வாங்கும்போது 10 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வருஷக்கணக்கில் அடியில் வண்டல் படிந்து இறுகிப்போனால், விளிம்பு வரை நிரப்பினாலும் 8 லிட்டர்தான் பிடிக்கும். குடம் நிறைந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் குறைவு.

அதே மாதிரிதான் பேட்டரியும். உங்கள் போனில் 5,000 எம்ஏஹெச் பேட்டரி இருந்தால், அதன் ஆரோக்கியம் 80 சதவீதமாகக் குறையும்போது 4,000 எம்ஏஹெச் மட்டுமே அதில் நிற்கும். அப்போதும் முழுசா சார்ஜ் ஏறினால் திரையில் '100 சதவீதம்' என்றுதான் காட்டும்.

ஏன் குறைகிறது?

இப்போதைய ஸ்மார்ட்போன்கள் எல்லாவற்றிலும் லித்தியம் வகை பேட்டரிகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே நடக்கும் வேதிவினைகளால் கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாக ஆக குறையும். வெப்பம் அதிகமானால் இன்னும் வேகமாகக் குறையும்.

இதில் 'சார்ஜ் சைக்கிள்' என்ற வார்த்தையை அடிக்கடி கேள்விப்படுவீர்கள். பிளக்கில் சொருகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சைக்கிள் கிடையாது. மொத்தமாக 100 சதவீதம் செலவானால்தான் ஒரு சைக்கிள். இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் பயன்படுத்தினால் இரண்டு நாளும் சேர்த்து ஒரே சைக்கிள்தான்.

பொதுவாக 80 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன் பேட்டரிகள் 800 சைக்கிளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீத கொள்ளளவை வைத்திருக்க வேண்டும்.

'குட்' என்றால் என்ன அர்த்தம்?

ஆண்ட்ராய்டு சாஃப்ட்வேர், பேட்டரியின் நிலையைப் பற்றி ஆப்களுக்கு சில வார்த்தைகளில்தான் தகவல் சொல்லும். 'குட்', 'அதிக சூடு', 'அதிக வோல்டேஜ்', 'குளிர்ச்சி', 'செயலிழந்தது', 'தெரியவில்லை' என்ற மாதிரி. அதாவது, இந்த நிமிஷம் பேட்டரியில் ஆபத்தான கோளாறு எதுவும் இல்லை என்பதுதான் 'குட்'. கொள்ளளவு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது.

அதனால் 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்ட பழைய பேட்டரிகூட 'குட்' என்று காட்டலாம். காய்ச்சல் இல்லை என்று தெர்மாமீட்டர் சொல்வதால் 70 வயதுக்காரர் 20 வயதுக்காரர் ஆகிவிட மாட்டார் இல்லையா? அதுபோலத்தான் இதுவும். நமக்குத் தேவை வார்த்தை இல்லை, எண்.

எந்த போனில் எங்கே பார்க்கலாம்?

ஐபோனில் எல்லா மாடலுக்கும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இந்தத் தகவல் இருக்கும். ஆண்ட்ராய்டில் அப்படி இல்லை. கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

கூகுள் பிக்சல்: பிக்சல் 8ஏ மற்றும் அதற்குப் பிறகு வந்த மாடல்களில், ஆண்ட்ராய்டு 16 இருந்தால் செட்டிங்ஸ் - பேட்டரி - பேட்டரி ஹெல்த் என்ற பகுதியில் சதவீதமாகவே பார்க்கலாம். 'அபவுட் போன்' பகுதிக்குள் உள்ள பேட்டரி இன்ஃபர்மேஷனில் தயாரிப்பு தேதி, சைக்கிள் எண்ணிக்கை இரண்டும் இருக்கும்.

சாம்சங்: சாம்சங் மெம்பர்ஸ் ஆப்பைத் திறந்து, அதில் போன் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில் பேட்டரி ஸ்டேட்டஸ் சோதனையை ஓட்டலாம். பல மாடல்களில் சதவீதமாக இல்லாமல் வார்த்தையாகத்தான் முடிவு வரும். ஆனால் இது அந்த கம்பெனியே தன் பேட்டரியை சோதித்துச் சொல்லும் முடிவு. மற்ற ஆப்கள் காட்டும் 'குட்' மாதிரி இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்பிளஸ், ஓப்போ, ரியல்மி, விவோ, ஐக்யூ: சமீபத்திய பல மாடல்களில் செட்டிங்ஸ் - பேட்டரி - பேட்டரி ஹெல்த் பகுதியில், மிச்சம் இருக்கும் கொள்ளளவு சதவீதமாகத் தெரியும்.

ரெட்மி, போக்கோ, ஷாவ்மி: புதிய ஹைப்பர்ஓஎஸ் போன்கள் சிலவற்றில் பேட்டரி பகுதிக்குள்ளேயே இந்தத் தகவல் கிடைக்கிறது.

எங்கே இருக்கு என்று கண்டுபிடிக்க முடியலையா? செட்டிங்ஸை திறந்ததும் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'பேட்டரி ஹெல்த்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். உங்கள் போனில் அந்த வசதி இருந்தால் நேராக அங்கேயே கொண்டுபோய் விடும்.

அந்த 'ரகசிய கோடு' வேலை செய்யுமா?

போன் டயலரில் *#*#4636#*#* என்று அழுத்தினால் பேட்டரி தகவல் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வேர்டு சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இது ஆண்ட்ராய்டின் சோதனைப் பக்கத்தைத் திறக்கும் கோடு. சில போன்களில் திறக்கும், சிலவற்றில் ஒன்றுமே நடக்காது. திறந்தாலும் பல புதிய போன்களில் பேட்டரி பகுதி இருக்காது. இருந்தாலும் அங்கேயும் பெரும்பாலும் அதே 'குட்'தான் வரும். அந்தப் பக்கத்தில் நெட்வொர்க் தொடர்பான செட்டிங்ஸும் இருப்பதால், தெரியாமல் எதையும் மாற்றி வைக்க வேண்டாம்.

எண்ணே காட்டலையா? நீங்களே கணக்கு போடலாம்

உங்கள் போனில் சதவீதம் தெரியவில்லை என்றால் 'அக்யூபேட்டரி' போன்ற ஆப்கள் உதவும். சார்ஜ் ஏறும்போது எவ்வளவு எம்ஏஹெச் உள்ளே போகிறது என்பதை அவை அளக்கும். அதை வைத்து மொத்த கொள்ளளவை மதிப்பிடும்.

கணக்கு ரொம்ப எளிது. 5,000 எம்ஏஹெச் போனை 20 சதவீதத்தில் இருந்து 80 சதவீதம் வரை சார்ஜ் செய்கிறீர்கள். அதாவது 60 சதவீதம் ஏறியிருக்கிறது. புது பேட்டரியாக இருந்தால் 3,000 எம்ஏஹெச் ஏறியிருக்க வேண்டும். ஆனால் ஆப் 2,400 என்று காட்டுகிறது. 2,400-ஐ 3,000-ஆல் வகுத்தால் 0.8. ஆக, உங்கள் பேட்டரியின் ஆரோக்கியம் சுமார் 80 சதவீதம்.

இதில் நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யக் கூடாது. ஒரு வாரமாவது பல முறை சார்ஜ் செய்து சராசரியைப் பாருங்கள்.

2. 5, 10 சதவீதம் மட்டும் ஏற்றினால் கணக்கு தப்பாகும். நீளமாக சார்ஜ் செய்யும்போதுதான் சரியாக வரும்.

3. பெட்டியில் போட்டிருக்கும் எம்ஏஹெச் அளவும் ஆப்பில் பதிவாகியிருக்கும் அளவும் ஒன்றா என்று சரிபாருங்கள்.

4. அதிவேக சார்ஜிங் உள்ள சில போன்களில் ஒரே பேட்டரிக்குள் இரண்டு செல்கள் இருக்கும். அவற்றில் ஆப் பாதி அளவை மட்டும் காட்டலாம். 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால் பதற வேண்டாம், முதலில் இதை செக் பண்ணுங்க.

ஆப்பை பிளே ஸ்டோரில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். பேட்டரியை செக் செய்யும் ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ், கான்டாக்ட்ஸ் எதற்கு? அந்த அனுமதியைக் கேட்டால் உடனே அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். 'பேட்டரியை ரிப்பேர் செய்யும்' என்று சொல்லும் ஆப்களையும் நம்ப வேண்டாம். குறைந்துபோன கொள்ளளவை எந்த ஆப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பேட்டரிதான் காரணமா, வேற ஏதாவதா?

சார்ஜ் சீக்கிரம் இறங்கினால் பேட்டரி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடியே சார்ஜை தின்னும். திரை வெளிச்சம், பின்னணியில் ஓடும் ஆப், பெரிய அப்டேட் முடிந்த முதல் சில நாட்கள் என பல காரணங்கள் உண்டு. செட்டிங்ஸில் பேட்டரி யூஸேஜ் பகுதியைத் திறந்தால் எந்த ஆப் எவ்வளவு எடுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சார்ஜ் மெதுவாக ஏறினால் கேபிள், அடாப்டர், சார்ஜிங் போர்ட்டில் சேர்ந்த தூசு ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

பேட்டரிக்கே வயதாகிவிட்டது என்பதற்கு அறிகுறிகள் வேறு. 20, 30 சதவீதம் இருக்கும்போதே போன் திடீரென ஆஃப் ஆகும். கேமராவை திறந்து ஃபிளாஷ் போட்டதும் அணைந்துவிடும். அந்த நேரத்தில் தேவைப்படும் அதிக மின்சாரத்தை பழைய பேட்டரியால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சட்டென இறங்குவதுதான் காரணம். 40-ல் இருந்து நேராக 25 என்று சதவீதம் குதித்து இறங்குவதும் இதே வகைதான்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்குறீங்களா?

பணம் கொடுப்பதற்கு முன்னாடியே பேட்டரி பகுதியைத் திறந்து பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு சைக்கிள் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு சுமார் 180 சைக்கிள்தான் வரும். 'ஆறு மாசம்தான் யூஸ் பண்ணேன்' என்று சொல்பவரின் போனில் 700 சைக்கிள் என்று காட்டினால், நீங்கள் யோசிக்க வேண்டியது அவசியம். மூன்று வருஷ போனில் வெறும் 10 சைக்கிள் என்று காட்டினால் பேட்டரியை மாற்றியிருக்கலாம். எங்கே மாற்றினார்கள், பில் இருக்கா என்று கேளுங்கள்.

உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம்

போனின் பின்பக்க மூடி தூக்கிக்கொண்டு இருக்கிறதா? திரை ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா? மேஜையில் வைத்தால் ஆடுகிறதா? பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே வாயு சேர்வதால் இப்படி ஆகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டிய கட்டம் இது இல்லை. உடனே சார்ஜில் இருந்து எடுத்து, போனை ஆஃப் செய்யுங்கள். அழுத்தி உள்ளே தள்ளவோ, குத்தவோ கூடாது. குழந்தைகள் கையில் கொடுக்காமல் நேராக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கழற்றிய பேட்டரியை குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

எண்ணைப் பார்த்தாச்சு, அடுத்து என்ன?

90 சதவீதத்துக்கு மேலே இருந்தால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம், ஆப்களைப் பாருங்கள். 80 முதல் 90 வரை இருந்தால் வயதுக்கேற்ற தேய்மானம்தான், பயன்பாட்டுக்கு சிரமம் இல்லாத வரை மாற்றத் தேவையில்லை. 80-க்குக் கீழே போய், மேலே சொன்ன அறிகுறிகளும் இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. போன் மற்றபடி நன்றாக ஓடுகிறது என்றால், புது போனைவிட புது பேட்டரி பல மடங்கு மலிவு.

முடிந்தவரை அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள். வெளியே வாங்கினால் பேட்டரியின் மேல் பிஐஎஸ் முத்திரை, ஐஎஸ் 16046 என்ற தர எண், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண் உண்மையானதா என்பதை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் நீங்களே சரிபார்க்கலாம்.

இருப்பதைக் காப்பாற்ற

பேட்டரியின் பெரிய எதிரி வெப்பம். வெயிலில் பைக் ஹோல்டரில் மேப் போட்டபடியே சார்ஜ் ஏற்றுவது, தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடுவது, சார்ஜ் போட்டபடியே மணிக்கணக்கில் கேம் விளையாடுவது ஆகியவற்றைத் தவிருங்கள். தினமும் முழு சார்ஜ் தேவைப்படாதவர்கள், போனில் '80 சதவீதத்தோடு நிறுத்து' என்ற வசதி இருந்தால் அதை ஆன் செய்யலாம். நாள் முழுக்க வெளியே அலைபவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் 100 வரை ஏற்றுவதில் தப்பில்லை, போன் சூடாகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இன்னைக்கு ராத்திரி போனை சார்ஜில் போடுறதுக்கு முன்னாடி அந்த எண்ணை ஒரு தடவை பாருங்க. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்தால், பேட்டரி எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கடைக்காரர் 'பேட்டரி போயிடுச்சு சார்' என்று சொல்லும்போது, உண்மையா இல்லையா என்று உங்களுக்கே தெரியும்.